அமெரிக்காவின் ஆரம்பகாலச் சிறுகதைகள்: எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். அமெரிக்கச் சிறுகதையின் முன்னோடிகளைப் படித்துவிட வேண்டும் என்று ஒரு நண்பர் காலவரிசைப்படி தொடங்கியிருக்கிறார். முதலில் வாஷிங்டன் இர்விங்கின் ‘ரிப் வான் விங்கிள்’. சில பக்கங்களிலேயே மலை வர்ணனையும் நீள நீளமான வாக்கியங்களும் அலுத்துப்போய் மூடி வைத்துவிட்டார். இவற்றை இன்றைக்குப் படிப்பதில் பலன் உண்டா, உண்டென்றால் எந்த வரிசையில் படிப்பது, சுருக்கி எளிமைப்படுத்திய பதிப்பு போதாதா என்று கேட்கிறார்.

பலன் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் காலவரிசை வேண்டாம். இர்விங்கின் கதை வெளிவந்த 1819 முதல், அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861 வரை வந்தவற்றையே இங்கே ஆரம்பகாலக் கதைகள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் தலைசிறந்தவற்றைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப ஒன்று கண்ணில் படும். கதை சொல்பவரை முழுக்க நம்ப முடியாது. ஒருவர் பொய் சொல்கிறார், ஒருவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார், இன்னொருவர் தெரிந்ததைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார். ‘என்ன நடந்தது’ என்று மட்டும் தேடிப் போனால் பழைய பேய்க்கதை, பழைய நீதிக்கதை என்றுதான் தோன்றும். ‘இவர் ஏன் இதை இப்படிச் சொல்கிறார்’ என்று கேட்டுக்கொண்டே படித்துப் பாருங்கள், கதை வேறாகிவிடும்.

அதனால் எட்கர் ஆலன் போவிலிருந்து தொடங்குங்கள், குறிப்பாக 1846 நவம்பரில் வந்த ‘தி காஸ்க் ஆஃப் அமோண்டில்லாடோ’. இரண்டாயிரம் வார்த்தைகளைச் சற்றே தாண்டும் கதை, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இத்தாலிய நகரம் ஒன்றில் திருவிழாக் காலம். மாண்ட்ரசார் என்பவன் தன்னை அவமதித்த ஃபார்ச்சுனாட்டோவைப் பழிவாங்கத் தீர்மானிக்கிறான். அருமையான ஒயின் பீப்பாய் ஒன்று வாங்கியிருக்கிறேன், அது அசல்தானா என்று சுவைத்துச் சொல்ல வேண்டும் என்று ஆசைகாட்டித் தன் குடும்பக் கல்லறைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போகிறான். எதிராளி ஏற்கெனவே போதையில் இருக்கிறான், கோமாளி உடை, தொப்பியில் மணிகள். அங்கே நடப்பதை நான் சொல்லப்போவதில்லை.

படிக்கும்போது சில இடங்களில் மட்டும் நின்று யோசியுங்கள். அந்த அவமதிப்பு என்ன? கதையின் எந்த இடத்திலும் மாண்ட்ரசார் அதைச் சொல்வதில்லை. இத்தனை பெரிய பழிக்குக் காரணமான ஒன்று ஒரு வரிகூட ஏன் பெறவில்லை? அடுத்து, ‘என் மனத்தின் இயல்பை நன்கு அறிந்த நீங்கள்’ என்று தொடக்கத்தில் ஒருவரை விளிக்கிறான். யார் அந்த ‘நீங்கள்’? கடைசி வரிகளில் இது நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்று தெரியவரும். ஐம்பது ஆண்டுகளாக மனதில் வைத்திருந்ததை ஒரு கிழவன் இப்போது ஒருவரிடம் கொட்டுகிறான். கேட்பவர் பாவமன்னிப்பு வழங்கும் பாதிரியாராக இருக்கலாம் என்று பல வாசகர்கள் கருதுகிறார்கள். அப்படி என்றால் அவன் குரலில் இருப்பது வருத்தமா, பெருமையா? முடிவுக்குச் சற்று முன்னால் தன் நெஞ்சு கனத்தது என்கிறான், உடனேயே அது சுரங்கத்தின் ஈரத்தினால் என்று சேர்த்துக்கொள்கிறான். அந்த ஒரு வரியில்தான் கதையே இருக்கிறது என்பேன். அந்த வரியை அவன் ஏன் சேர்த்தான் என்று யோசிக்கத் தொடங்கினால் இந்தக் காலத்துக் கதைகளை எப்படிப் படிப்பது என்பது பிடிபட்டுவிடும்.

அதே கையோடு 1843-ல் வந்த ‘தி டெல்-டேல் ஹார்ட்’. இதுவும் அதே அளவுதான். தான் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க, எவ்வளவு நிதானமாகக் கொலை செய்தேன் பாருங்கள் என்று ஒருவர் விவரிக்கிறார். கொலையுண்ட கிழவர் மீது அவருக்கு வெறுப்பும் இல்லை, அவர் பணத்தின் மீது ஆசையும் இல்லை. படலம் படிந்த வெளிர்நீலக் கண் ஒன்றுதான் காரணமாம். இந்தக் கதையை வாய்விட்டுப் படியுங்கள். துண்டு துண்டான வாக்கியங்கள், ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது, இடையிடையே வெட்டும் கோடுகள் எல்லாம் பேசுபவரின் மூச்சு தடுமாறுவதை நமக்குக் காட்டுபவை.

இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு இறுக்கமாக எழுத வேண்டும் என்பது போவிடம் கொள்கையாகவே இருந்தது. 1842-ல் கிரஹாம்ஸ் மேகஸின் பத்திரிகையில் நத்தானியேல் ஹாத்தார்னின் கதைத் தொகுப்பான ‘ட்வைஸ்-டோல்டு டேல்ஸ்’ பற்றி அவர் எழுதிய மதிப்புரை, சிறுகதை என்ற வடிவத்தைப் பற்றி யோசித்த முதல் முக்கியமான கட்டுரைகளில் ஒன்று. அரைமணி முதல் ஒன்றிரண்டு மணிநேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கும்படி கதை இருக்க வேண்டும், வாசகர் மனதில் உண்டாக்க நினைக்கும் ஒற்றை விளைவை முன்பே தீர்மானித்துவிட வேண்டும், முதல் வாக்கியம் தொட்டு எல்லாமே அதற்காகவே உழைக்க வேண்டும் என்றார். எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது, பின்னால் பார்க்கப்போகும் ஹெர்மன் மெல்வில் இதை மீறித்தான் பெரிய கதைகளை எழுதினார். ஆனாலும் போவின் கதைகளுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

அமெரிக்கர்கள் ஏன் இந்தச் சின்ன வடிவத்தில் இத்தனை ஈடுபாடு காட்டினார்கள் என்பதற்கு ஒரு பணக் காரணமும் உண்டு. 1790-ன் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் அந்நாட்டுக் குடிமக்களையும் அங்கே வசிப்பவர்களையும் மட்டுமே பாதுகாத்தது. வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குப் பாதுகாப்பு வந்தது 1891-ல்தான். அதுவரை இங்கிலாந்தில் வெற்றி பெற்ற நாவலை ஆசிரியருக்கு ஒரு காசும் தராமல் அமெரிக்காவில் அச்சிட்டு மலிவாக விற்கலாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ல் அமெரிக்கா வந்தபோது இதைப் பற்றிப் பகிரங்கமாகவே குமுறினார். டிக்கன்ஸைவிட உள்ளூர் எழுத்தாளர்களுக்கு விழுந்த அடி பெரிது. இலவசமாகக் கிடைக்கும் டிக்கன்ஸை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஓர் அமெரிக்கரின் நாவலுக்கு எந்தப் பதிப்பாளர் பணம் கொடுப்பார்? கதைகள் வாங்கியவை மாத இதழ்களும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் பரிசாகக் கொடுக்க அழகிய அட்டையுடன் வந்த ஆண்டுமலர்களும்தான். ஹாத்தார்னின் ஆரம்பக் கதைகள் பாஸ்டனிலிருந்து வந்த ‘தி டோக்கன்’ என்ற ஆண்டுமலரிலும் இதழ்களிலும் அவர் பெயரே இல்லாமல் வந்தன. பூவேலை அட்டை போட்ட பரிசுப் புத்தகத்துக்குள் பாவமும் குற்ற உணர்ச்சியும் நிரம்பிய அந்தக் கதைகள் இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

அப்படி அங்கே வந்த ஒன்று ‘தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்’. ஹாத்தார்னை இதில் தொடங்குங்கள். ஞாயிறு காலை. ஊர்ப் பாதிரியார் ஹூப்பர், வாயும் மோவாயும் தவிர முகத்தை மறைக்கும் கறுப்புத் துணி ஒன்றை அணிந்து தேவாலயத்துக்கு வருகிறார். ஏன் என்று சொல்ல மறுக்கிறார். மணந்துகொள்ளவிருந்த பெண் கேட்டும் எடுக்கவில்லை, சாகும்வரை எடுக்கவில்லை. கதையின் தொடக்கத்தில், அதே நாள் மதியம், ஓர் இளம்பெண்ணின் சவ அடக்கத்தை அவர் நடத்துகிறார். மேலே சொன்ன மதிப்புரையில் போ இதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் சம்பந்தப்பட்ட ஒரு கொடிய குற்றம் நடந்திருக்கிறது, கூர்மையான வாசகருக்கு மட்டுமே அது தெரியும் என்கிறார். துப்பறியும் கதையைக் கண்டுபிடித்தவர் வேறு எப்படிப் படிப்பார்! எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் துணிக்கு வேலையே இல்லை, ஊர்மக்களின் நடுக்கத்துக்கும் அர்த்தம் இல்லை. அவர்கள் பயப்படுவது அவரவர் மறைத்து வைத்திருப்பதை நினைத்துத்தான். ஆனால் கதைசொல்லி அதையும் உறுதியாகச் சொல்லாமல் ‘என்று சிலர் சொன்னார்கள்’, ‘என்று தோன்றியது’ என்றே நழுவிக்கொண்டு போகிறார். ஹாத்தார்னிடம் இப்படிப்பட்ட சொற்களை அடிக்கோடிட்டுக்கொண்டே படியுங்கள்.

அடுத்து 1835-ல் வந்த ‘யங் குட்மேன் பிரவுன்’. இதற்கு மட்டும் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் பகுதியில் 1692-ல் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைப் பாறைகளை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். விசாரணை நடத்திய நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாத்தார்ன், எழுத்தாளரின் எள்ளுத்தாத்தாக்களில் ஒருவர். ஜானின் தந்தை வில்லியம், குவேக்கர் சமயத்தாரைத் துன்புறுத்தியவர். எழுத்தாளர் பிறந்ததும் அதே சேலம் ஊரில்தான், 1804-ல்.

கதையில் ஓர் இளைஞன், புது மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, பொழுது சாயும் வேளையில் காட்டுக்குள் போகிறான். பாம்பு வடிவக் கைத்தடியுடன் ஒருவன் வழியில் சேர்ந்துகொள்கிறான். நான் நல்ல குடும்பத்தில் பிறந்தவன், என் முன்னோர் யாரும் இந்த வழியில் வந்ததில்லை என்கிறான் இளைஞன். அதற்கு அந்த வழித்துணைவன், சேலம் தெருக்களில் ஒரு குவேக்கர் பெண்ணை உன் தாத்தா சவுக்கால் அடித்தபோது நான்தான் உதவினேன், பூர்வகுடிகளின் கிராமத்துக்கு உன் அப்பா தீ வைத்தபோது என் அடுப்பிலிருந்துதான் கொள்ளி கொடுத்தேன் என்கிறான். தன் குடும்பத்தின் பழியைச் சாத்தானின் வாயில் வைத்துச் சொல்ல வைத்திருக்கிறார் ஹாத்தார்ன். காட்டில் நடக்கும் கூட்டத்தில் தான் மதித்த பெரியவர்கள் எல்லோரையும் அவன் பார்க்கிறான், அல்லது பார்த்ததாக நினைக்கிறான். அது கனவுதானா என்று கதைசொல்லியே கேட்டுவிட்டு, அப்படி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று நம்மிடம் விட்டுவிடுகிறார். கனவோ நிஜமோ, அதற்குப் பிறகு அவன் யாரையும் நம்ப முடியாமல் வாழ்ந்து செத்ததுதான் உறுதி. ஆதாரமில்லாமல் அண்டை வீட்டாரைச் சந்தேகித்த ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது, ஆதாரத்தை வாசகருக்கும் கொடுக்காமல் விடுகிறார். இந்தத் துணிச்சலுக்காகவே அந்தக் காலத்துக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, இப்போது ‘ரிப் வான் விங்கிள்’ கதைக்குத் திரும்பலாம். இந்த முறை அலுக்காது. மலை வர்ணனையை வேகமாகக் கடந்து போங்கள். இர்விங் இதை எழுதும்போது இருந்தது இங்கிலாந்தில், குடும்ப வியாபாரம் நொடித்துப்போன நிலையில். கதை நடக்கும் கேட்ஸ்கில் மலைகளில் அவர் அதுவரை கால் வைத்ததே இல்லை, ஹட்சன் ஆற்றிலிருந்து தொலைவில் பார்த்ததோடு சரி. கதைக்கருவும் ஒரு ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது. அவர் சேர்த்தது, ரிப் தூங்கிப்போகும் இருபது வருடங்களுக்கு நடுவில் வைத்த அமெரிக்கப் புரட்சி. ரிப் தூங்கப் போகும்போது ஊர் பிரிட்டிஷ் காலனி, விழிக்கும்போது சுதந்திர நாடு. மதுக்கடைப் பலகையில் இருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் படத்தில் சிவப்புக் கோட்டை நீலமாக்கி, செங்கோலை வாளாக்கி, கீழே ஜெனரல் வாஷிங்டன் என்று எழுதியிருக்கிறார்கள். முகம் மட்டும் அதேதான். ஒரு புரட்சி எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதை இர்விங் அந்தப் பலகையிலேயே சொல்லிவிடுகிறார். தேர்தல் கூட்டத்துக்கு நடுவே, நான் மன்னரின் விசுவாசமான குடிமகன் என்று ரிப் சொல்ல, ஒற்றன் என்று கூட்டம் பாய்கிறது.

முடிவில் ஒரு விஷயத்தைப் பலரும் தவறவிட்டுவிடுகிறார்கள். தூங்கிய கதையை ரிப் ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொன்னான் என்றும், ஊரில் சிலர் நம்பவில்லை என்றும் இர்விங் குறிப்பிடுகிறார். வேலை செய்யப் பிடிக்காத, மனைவியின் வசவுக்குப் பயந்த ஒருவன், மனைவி இறந்த பிறகு ஊர் திரும்பி, இருபது வருடமும் தூங்கிவிட்டேன் என்கிறான். அவன் தூங்கினானா, ஓடிப்போனானா? போதாக்குறைக்கு, முன்னும் பின்னும் டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்ற கற்பனை வரலாற்றாசிரியரின் சத்தியங்கள் வேறு. எல்லாம் உண்மைதான், நீதிபதி முன்னால் கையெழுத்தான சான்று இருக்கிறது, கையெழுத்து வெறும் பெருக்கல் குறிதான் என்கிறார்.

காணாமல் போகும் ஆண்கள் அந்தக் காலத்து அமெரிக்கக் கதைகளில் அடிக்கடி வருகிறார்கள். வில்லியம் ஆஸ்டினின் ‘பீட்டர் ரக், தி மிஸ்ஸிங் மேன்’ (1824) கதையில் ஒருவர் மகளுடன் குதிரை வண்டியில் பாஸ்டனைத் தேடிப் பல பத்தாண்டுகளாக அலைகிறார், பின்னாலேயே புயலும் வருகிறது. ஹாத்தார்னின் ‘வேக்ஃபீல்டு’ (1835) கதையில் லண்டன்காரர் ஒருவர் மனைவியை விட்டுப் பக்கத்துத் தெருவிலேயே இருபது வருடம் ஒளிந்து வாழ்கிறார். இரண்டும் சிறியவை, ரிப்புடன் சேர்த்தே படித்துவிடலாம்.

அப்புறம் ஹெர்மன் மெல்வில். ‘பார்ட்டில்பி, தி ஸ்க்ரிவனர்’ 1853 நவம்பர், டிசம்பர் இதழ்களில், பட்னம்ஸ் மன்த்லி பத்திரிகையில், ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. இரண்டாண்டு முன்பு வந்த ‘மோபி டிக்’ நாவல் விற்காமல் போன பின்னர், காசுக்காக இதழ்களுக்கு எழுதிய காலம் அது. நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் அலுவலகம். ஒரு பக்க ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர், மறுபக்க ஜன்னலுக்குப் பத்தடியில் கறுத்துப்போன செங்கல் சுவர். பத்திரங்களைக் கையால் நகலெடுக்க நூறு வார்த்தைக்கு நாலு சென்ட் என்று ஆட்களை வைத்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பார்ட்டில்பி முதலில் இரவு பகல் பார்க்காமல் எழுதுகிறான். மூன்றாம் நாள், நகலைச் சரிபார்க்கக் கூப்பிட்டால், செய்யாமல் இருக்கவே விரும்புகிறேன் என்று அமைதியாகச் சொல்கிறான். கோபமில்லை, காரணமில்லை. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றுக்கும் அதே பதில்.

பார்ட்டில்பி யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்று விளக்க முயன்ற கட்டுரைகள் ஏராளம். நீங்கள் கதையைச் சொல்லும் வக்கீலைப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே தான் ஆபத்தில்லாத ஆள் என்று பெருமையாகச் சொல்கிறார், அன்றைய பெரும் பணக்காரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டரே தன்னைப் பாராட்டியதாகச் சொல்கிறார், அந்தப் பெயரை உச்சரிக்கவே பிடிக்கும் என்கிறார். பார்ட்டில்பியை வேலையில் வைத்திருப்பதற்கு அவர் சொல்லும் காரணத்தை இரண்டு முறை படியுங்கள். செலவு அதிகமில்லை, மனசாட்சிக்கு இனிப்பான பலகாரம் ஒன்று சேமிப்பாகும் என்று கணக்குப் போடுகிறார். அவர் கெட்டவர் இல்லை. நம்மில் பெரும்பாலோர் செய்யக்கூடிய அளவுக்கு மேலேயே செய்கிறார். ஆனால் அவனை வெளியேற்ற முடியாமல் தன் அலுவலகத்தையே வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு போகும்போது, ஒரு நல்ல மனிதரின் இரக்கம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிப் பத்தியில் பார்ட்டில்பியின் பழைய வேலையைப் பற்றி ஒரு வதந்தி வரும். அதை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் வக்கீல் தன் மன ஆறுதலுக்குப் பிடித்துக்கொண்டதுதான்.

‘பெனிட்டோ செரெனோ’ 1855-ல் மூன்று பகுதிகளாக வந்தது, குறுநாவல் அளவு இருக்கும். சிலி நாட்டுக் கடலோரம், தத்தளிக்கும் ஒரு ஸ்பானிய அடிமைக் கப்பலுக்கு உதவப் போகிறார் அமசா டெலானோ என்ற அமெரிக்கக் கேப்டன். அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார், அவர் எழுதிய அனுபவ நூலிலிருந்துதான் மெல்வில் சம்பவத்தை எடுத்தார். இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும். டெலானோ என்ன பார்க்கிறார், எதைப் பார்க்கத் தெரியாதவராக இருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். முன்னுரை இருந்தால் தாண்டிப் போங்கள், கல்லூரிப் பதிப்புகளின் முன்னுரைகள் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் உடைத்துவிடும்.

இந்தக் கதைகளில் உறுத்தும் இடங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரிப்பின் மனைவிக்குக் கதையில் வசவுக்கு அப்பால் எதுவும் இல்லை. ‘தி லெஜண்ட் ஆஃப் ஸ்லீப்பி ஹாலோ’ கதையில் கறுப்பின மக்களை இர்விங் காட்டும் விதம் படிக்கச் சங்கடமானது. போவின் ‘தி கோல்ட்-பக்’ (1843) நூறு டாலர் பரிசு பெற்ற கதை, ரகசிய எழுத்தை அவிழ்க்கும் பகுதி அபாரம், ஆனால் அதில் வரும் ஜூப்பிட்டர் என்ற பாத்திரம் வெறும் கேலிச்சித்திரம். அதனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களையும் சேர்த்துப் படியுங்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் எழுதிய புனைகதை ‘தி ஹீரோயிக் ஸ்லேவ்’ வந்தது 1853-ல், பார்ட்டில்பி வந்த அதே ஆண்டு. 1841-ல் கிரியோல் என்ற கப்பலில் அடிமைகள் நடத்திய கிளர்ச்சிதான் அதற்கு அடிப்படை. ‘பெனிட்டோ செரெனோ’ படித்த கையோடு இதைப் படித்தால், ஒரே விஷயம் இரண்டு பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று விளங்கும்.

பட்டியலில் கடைசியாக ரெபெக்கா ஹார்டிங் டேவிஸின் ‘லைஃப் இன் தி அயர்ன் மில்ஸ்’ இருக்கட்டும். 1861 ஏப்ரலில் அட்லாண்டிக் மன்த்லியில் வந்தது, உள்நாட்டுப் போர் தொடங்கிய அதே மாதம். இரும்பாலைத் தொழிலாளி ஒருவன் உலையின் கழிவுப் பொருளில் ஒரு பெண் உருவம் செதுக்குகிறான், பசியோடு கை நீட்டி நிற்கும் உருவம். ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த கனவான்கள் அதைப் பார்த்து வியக்கிறார்கள், விவாதிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நடை சில இடங்களில் கனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே கதைசொல்லி வாசகரையே நேராகப் பார்த்து, உன் சுத்தமான உடை அழுக்காகட்டும், இந்தச் சேற்றுக்குள் என்னோடு இறங்கி வா என்கிறார். போவின் கொலைகாரர்களுக்குப் பிறகு இந்தக் குரலைக் கேட்பது பெரிய அனுபவம்.

மொழிச் சிக்கலுக்கு வருவோம். நீளமான வாக்கியத்தில் எழுவாயையும் பயனிலையையும் முதலில் கண்டுபிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்ட வேண்டாம், ஒரு பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் வரும் சொல்லை மட்டும் பாருங்கள். காப்புரிமை முடிந்த கதைகள் இவை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் படித்த ஒலிப்பதிவுகளும் உண்டு. ஒலியைக் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்ந்தால் இர்விங்கும் மெல்வில்லும் பாதி எளிதாகிவிடுவார்கள்.

சுருக்கிய பதிப்பு மட்டும் வேண்டாம். சுருக்குபவர் சம்பவங்களை வைத்துக்கொண்டு பேச்சை வெட்டுவார். நிக்கர்பாக்கரின் சத்தியங்கள் போய்விடும், ஆஸ்டரைப் பற்றிய வக்கீலின் பெருமை போய்விடும், ஈரத்தினால்தான் நெஞ்சு கனத்தது என்ற மாண்ட்ரசாரின் அந்த அரை வரியும் போய்விடும். மிஞ்சுவது, ஒருவன் தூங்கினான், ஒருவன் வேலை செய்ய மறுத்தான், ஒருவன் பழிவாங்கினான் என்பதுதான். அதற்கு ஐந்து நிமிடக் காணொளி போதும். நேரம் குறைவாக இருந்தால் முழுக் கதைகள் மூன்றைப் படியுங்கள்: ‘தி காஸ்க் ஆஃப் அமோண்டில்லாடோ’, ‘யங் குட்மேன் பிரவுன்’, ‘பார்ட்டில்பி’.